நாலாவது கூறு

ஏரியைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: நான் அதில் பலமுறை விழுந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பிலேயே என்னைக் கைகழுவிவிட்டது. தமிழ் எழுத்தை பெங்களூர் லிங்கராஜபுரத்துச் சுவர்களில் ஒட்டிய சினிமா போஸ்டர்களைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். அதனால் இன்றைக்கும் நான் எதை எழுதினாலும் கொட்டை எழுத்தில், கோபமாக இருப்பது போலத்தான் வரும். கோபம் ஒன்றும் இல்லை. இது கொஞ்சம் துக்கமான சமாச்சாரம். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கும் நடுநடுவே வந்தது.

எங்கள் ஏரி வைட்ஃபீல்டில் அபார்ட்மென்டுகளின் முதுகுப் பக்கம் இருக்கிறது. சின்ன ஏரிதான். காலையில் ஒரு சுற்று நடந்தால் டீ குடிக்கத் தோன்றும், அவ்வளவு தூரம். எங்கள் ஏரி என்று சொல்வது ஏரியின் காதில் விழுந்தால் அது என்னை முறைக்கும். மீன் பிடிக்கிற குத்தகை அண்ணன் பேரில் இருந்தது. அண்ணன் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி இருந்தவர். பெயிண்ட் வேலையில் ஏணியிலிருந்து விழுந்து வீட்டில் படுத்திருந்த என்னைப் பார்க்க வந்து, தண்ணீரில் விழுந்தால் எலும்பு உடையாது, வா என்று கூட்டிக்கொண்டு போனார். வலையும் பரிசலும் அவருடையவை. அவரோடு நான், மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அப்புறம் யஜமான்ரு.

யஜமான்ரு கன்னடக்காரர். ஏரிக்கரையில் அபார்ட்மென்டு வருவதற்கு முன்னால் ராகி விளைந்த காலத்திலேயே அங்கே பிறந்தவர். முதலாளி என்று அர்த்தம் வருகிற அந்தப் பேரை நாங்கள்தான் வைத்தோம். முதலாளித்தனத்துக்கு அவரிடம் இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர்.

மீன் விஷயம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. மழை முடிந்து ஏரி நிரம்பியதும் அண்ணன் அரசாங்கப் பண்ணையிலிருந்து மீன்குஞ்சு வாங்கி வருவார். விரல் நீளம் இருக்கும். காற்று அடைத்த பெரிய பிளாஸ்டிக் பைகளில் வரும். பையை அவிழ்த்துக் கொட்டிவிடக் கூடாது. பையோடு ஏரியில் மிதக்கவிட வேண்டும். பைக்குள் இருக்கிற தண்ணீரும் ஏரித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும். அண்ணன் ஒரு கையைப் பைக்குள்ளும் ஒரு கையை ஏரியிலும் விட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். நான் கரையில் நின்று, குழந்தைக்கு ஜுரம் எப்படி இருக்கிறது டாக்டர் என்று கேட்பேன். வாயை மூடச் சொல்லுவார்.

கட்லா மேல் தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடிச்சேற்றில். மூன்று மாடி வீடு மாதிரி. ஒருத்தர் சாப்பாட்டில் ஒருத்தர் கை வைப்பதில்லை. இவர்கள் வாடகை கொடுத்து வருகிறவர்கள். ஜிலேபி கெண்டை கேட்காமலே குடிவந்தது. வாய்க்குள்ளேயே குஞ்சை வைத்துக் காப்பாற்றும். அதனால் பெருகிக்கொண்டே போகும், பெருகப் பெருகத் தீனி போதாமல் எதுவும் வளராது. உள்ளங்கை அளவோடு நின்றுவிடும். வயதாகியும் வளராமல் நிற்கிற ஜீவன் எப்படி இருக்கும் என்று பார்க்க நான் ஏரிக்குப் போக வேண்டியதில்லை, வீட்டில் கண்ணாடி இருக்கிறது. அப்புறம் ஆப்பிரிக்கக் கெளுத்தி. யார் கொண்டுவந்து விட்டார்களோ தெரியாது. மீசை வைத்த ரவுடி. எதையும் தின்னும், எந்தச் சாக்கடையிலும் உயிரோடிருக்கும்.

ஆக, ஏரியில் மீன் இருக்கிறதா என்று கேட்டால், எப்போதும் இருக்கிறது. எந்த மீன் என்பதுதான் கேள்வி. கட்லா வளர்ந்தால் எங்கள் வீடுகளில் அடுப்பு எரியும். ஜிலேபி மட்டும் இருந்தால் பூனைகள் சந்தோஷமாக இருக்கும்.

பிடித்த மீனைப் பங்கு போட எங்களுக்கு ஒரு முறை இருந்தது. வலை கரைக்கு வந்ததும் மீனைச் சமமாக நாலு கூறு வைப்போம். கூறு வைப்பது யஜமான்ரு, அவர் கை தராசு மாதிரி. ஒருத்தன் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். யஜமான்ரு ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். திரும்பி நிற்கிறவன் ஆளைச் சொல்லுவான். சொன்னால் சொன்னதுதான். எந்தக் கூறில் பெரிய மீன் என்று அவனுக்குத் தெரியாததால் யாரும் யாரோடும் சண்டை போட முடியாது. திரும்பி நிற்கிற உத்தியோகம் எனக்குத்தான். அதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை என்பதால் எல்லாரும் ஒரே மனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த வருஷம் அண்ணன் குஞ்சு விட்டு மாதம் முடிவதற்குள் படுத்துவிட்டார். ஒரு பக்கம் கை கால் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் அங்கே இருக்கும்போதுதான் காலம் தப்பிய மழை ஒன்று பெய்தது. மேட்டில் இருக்கிற சாக்கடை எல்லாம் ஒரே இரவில் ஏரிக்குள் இறங்கியது. காலையில் போனபோது ஏரி சோப்புப் போட்டுக் குளித்த மாதிரி நுரையாக இருந்தது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெயில் ஏறும் முன் கரையோரம் பூராவும் வெள்ளையாக ஒதுங்கின. நாங்கள் மூன்று பேரும் கோணிப்பையில் அள்ளினோம். நடைபயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போன் எடுத்துப் படம் பிடித்தார். நான் தலையைக் கோதிவிட்டுக்கொண்டேன். மச்சான் அப்போதும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணனுக்குப் பேச்சு குழறியது. ஆனாலும் முதல் கேள்வி அதுதான், குஞ்சு எப்படி இருக்கிறது. மச்சான் சுவரைப் பார்த்தான். யஜமான்ரு ஃபேனைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் பேசுவதற்கென்றே கடவுள் என்னைப் படைத்திருக்கிறார்.

“வெரல் அளவு போயி உள்ளங்கை ஆயிடுச்சுண்ணா. கட்லா என்னப் பாத்து வாலாட்டுது,” என்றேன்.

அவர் வாயின் ஒரு பக்கம் சிரித்தது. பக்கத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்து ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை, அவளுக்கு விளங்கியது. அவள் தலையாட்டினாள். தை மாதம் அவர் போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்து நாங்கள் ஏரிக்குத் திரும்பிய முதல் நாள் வலையில் ஜிலேபிதான் வந்தது. யஜமான்ரு மூன்று கூறு வைத்தார். நான் திரும்பி நின்றேன். முதல் கூறைத் தொட்டு அவர் கேட்டார். நாக்கில் முதலில் வந்த பேரைச் சொல்வதுதான் என் வழக்கம்.

“அண்ணனுக்கு,” என்றேன்.

 தூரத்தில் மெட்ரோ போனது. திரும்பிப் பார்த்தால் மச்சான் தரையில் உட்கார்ந்திருந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாற்றிச் சொல்கிறேன் என்று வாயெடுத்தேன். யஜமான்ரு தலையசைத்து, சொன்னது சொன்னதுதான் என்றார். மூன்றில் ஒன்று அண்ணனுக்குப் போனதால் எங்களில் ஒருவனுக்குக் கூறு இல்லை. அது நான்தான், வாயால் வந்தது வயிற்றோடு போயிற்று. மறுநாளிலிருந்து நாலு கூறாகவே வைத்தோம்.

நாலாவது கூறை அண்ணி வீட்டில் கொடுப்பது என் வேலை. முதல்முறை கொண்டுபோனபோது அவள் வாசலில் பேசின் பாத்திரத்தைப் போட்டு அதில் கொட்டச் சொன்னாள். கையை விட்டு மீனைக் கிளறினாள். அடிவரைக்கும் கிளறினாள். பிறகு நிமிர்ந்து, “இன்னா தம்பி, கட்லா ஒண்ணுகூட விழலியா?” என்றாள்.

இல்லை என்றேன். அவள் மறுபடி ஒருமுறை கிளறிவிட்டு உள்ளே எடுத்துப் போனாள். அடுத்த தடவையும் அப்படியே கிளறினாள். அதற்கடுத்த தடவையும்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. பெரிய மீனை எல்லாம் நாங்கள் எடுத்துக்கொண்டு, செத்த மனுஷனின் பெண்டாட்டிக்குப் பொடி மீனைக் கொடுக்கிறோம் என்று அவள் நினைக்கிறாள். வேறு எதற்கு ஒருத்தி அடிவரைக்கும் கிளறுவாள்? மச்சானிடம் சொன்னேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. நம்மைத் திருடன் என்று அவள் சந்தேகப்பட்டபிறகு அந்தத் தெருவில் எப்படி நடப்பது என்றான். யஜமான்ருவின் மைத்துனர் ஹொசக்கோட்டைப் பக்கம் பெரிய ஏரியில் மீன் பிடிப்பவர். அங்கே கட்லா நன்றாக விழுகிறது. இரண்டை உயிரோடு வாங்கி அண்ணி கூறில் போட்டுவிட்டால் என்ன என்று யார் முதலில் சொன்னது என்பது இன்றுவரை எங்களுக்குள் தகராறு. நான் மச்சான் என்கிறேன், மச்சான் நான் என்கிறான், யஜமான்ரு கன்னடத்தில் நழுவிவிடுகிறார்.

அந்த வாரம் மூடி போட்ட டப்பில் தண்ணீரோடு கட்லா வந்தது. அண்ணியின் பேசினில் விட்டேன். வாலால் ஒரு அடி அடித்து அவள் புடவையை நனைத்தது. அவள் கை வாயில் போய் நின்றுவிட்டது. உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. அப்பாடா, சந்தேகம் தீர்ந்தது என்று நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வாரம் தவறாமல் யஜமான்ரு ஸ்கூட்டரில் டப்பு வரும். எங்கள் மூன்று கூறில் ஜிலேபியும் கெளுத்தியும், நாலாவது கூறில் மட்டும் கட்லா. ஏரியைச் சுற்றி நடக்கிற ஒரு அம்மாள், மீன் ஆர்கானிக்கா என்று இங்கிலீஷில் கேட்டார். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத மீன் அம்மா, ரொம்ப ஆர்கானிக் என்றேன். அப்படி எல்லாம் நாள் நன்றாகத்தான் போனது. கட்லா வாங்குவதால் எங்கள் பிழைப்பில் பொத்தல் விழுந்ததை மூன்று பேரும் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அண்ணி முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது, அது போதும் என்று இருந்தது.

குத்தகை வைகாசியோடு முடிகிறது. சித்திரை கடைசியில் ஒருநாள் அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். மணை போட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாள். எனக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

“குத்தகைய என் பேருக்கு மாத்தி எடுக்கப் போறேன் தம்பி. நகைய வெச்சுடலாம்னு இருக்கேன். மழைக்கப்புறம் குஞ்சும் நெறைய விடணும். நீங்க மூணு பேரும் இருக்கீங்க இல்ல?” என்றாள்.

நகை என்றால் காதில் இருப்பதும் கழுத்தில் இருப்பதும்தான். பெட்டிக்குள் வேறு எதுவும் கிடையாது என்பது எனக்கும் தெரியும். அவள் அண்ணன்காரர் ஹோசூரிலிருந்து வந்து, வலையையும் பரிசலையும் விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடு என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். இவள் மாட்டேன் என்றிருக்கிறாள். ஏரியில் மீன் நன்றாக இருக்கும்போது எதற்கு விட வேண்டும் என்றிருக்கிறாள்.

டீ எனக்குப் புரையேறியது.

“ஏரில மீன் இல்ல அண்ணி,” என்றேன்.

அவள் சிரித்தாள். “போன வாரம் நான் அரிஞ்சது இன்னா, ஆடா?”

நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றேன். அதற்கும் சிரித்தாள். நான் முகத்தை எவ்வளவு கஷ்டப்பட்டு நேராக வைத்தேனோ அவ்வளவுக்கு அவள் சிரிப்பு கூடியது. வாழ்நாள் முழுக்க நான் சேர்த்துவைத்த பேர் அது. எழவு வீட்டிலும் எவனையாவது சிரிக்கவைத்துவிட்டு வருகிறவன் சொல்வதை யார் நம்புவார்கள்? ஹோசூருக்குப் போனால் மீன் வாடை இல்லாமல் தனக்குத் தலைவலி வரும் என்றாள், கிண்டலாக. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று பேரும் ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசினோம். மச்சான் ஒரேயடியாக, சொல்லக் கூடாது என்றான். சொன்னால் இத்தனை மாதம் ஏமாற்றினோம் என்றாகும், அவள் நம் முகத்தில் விழிக்க மாட்டாள். அதோடு, அவள் குத்தகை எடுத்தால் நமக்கும் வேலை இருக்கும் என்று மெதுவாகச் சேர்த்தான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நான் மட்டும் என்ன, வேறு வேலைக்குக் கூப்பிட்டு யாரும் வாசலில் நிற்கவில்லை. யஜமான்ரு ஒரு கல்லை எடுத்து ஏரியில் போட்டார். பிறகு, “பேடப்பா. அந்தப் பொம்பள கழுத்துல இருக்கறத இந்தத் தண்ணில போடறது வேணாம்,” என்றார்.

இதற்குள் அண்ணியே ஒன்று சொல்லியனுப்பினாள். நகையை வைக்கப் போவதற்கு முன்னால் ஒருமுறை தன் கண்ணால் முழு இழுப்பு பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம்.

முழு இழுப்பு என்றால், வலையின் ஒரு முனையைக் கரையில் பிடித்துக்கொள்வார்கள். மறு முனையைப் பரிசலில் எடுத்துக்கொண்டு ஒருத்தன் ஏரிக்குள் வளைந்து போய், வலையை விட்டுக்கொண்டே வேறொரு இடத்தில் கரையேறுவான். பிறகு இரண்டு முனையையும் சேர்த்து இழுக்க வேண்டும். ஒளிந்திருக்கிற எதுவும் வெளியே வந்துவிடும். ஏரியிடம் நேருக்கு நேர் கேட்பது போல.

ஞாயிறு விடிந்ததும் அண்ணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் பேசின். தலைக்குக் குளித்திருந்தாள். கோயிலுக்கு வருகிற மாதிரி ஒரு நல்ல புடவை. நான் பரிசலில் வலையை அடுக்கிக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து குனிந்து, கோணி போட்டு மூடிய டப்பு ஒன்றை என் காலடியில் வைத்தான். உள்ளே திம் திம் என்று அடித்தது.

“மாமா, வலை வளையறப்ப உள்பக்கமா உட்டுடு. அண்ணி பாக்கற பக்கம் முதுகக் காட்டிக்க,” என்றான் வாயை அசைக்காமல். அவன் கண் கலங்கியிருந்தது. அதனால் நான் அவனைத் திட்டவில்லை.

துடுப்புப் போட்டேன். கரையில் யஜமான்ருவும் மச்சானும் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். அண்ணி சும்மா நிற்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மச்சானுக்குப் பின்னால் அவளும் கயிற்றைப் பிடித்தாள். ஏரி அன்றைக்குப் பார்க்க அழகாக இருந்தது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. எதிர்ப்பக்கம் அபார்ட்மென்டுக் கண்ணாடி எல்லாம் தண்ணீரில் தலைகீழாகத் தொங்கின. நீர்க்காகம் ஒன்று கம்பத்தில் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது. பாதி வட்டம் வந்ததும் கோணியை விலக்கினேன். இரண்டு கட்லா. தடித்த உதடு, பெரிய தலை. இரண்டும் வாயைத் திறந்து திறந்து மூடின. நுரை வந்த காலையில் குஞ்சுகள் அப்படித்தான் செய்தன.

கரையைப் பார்த்தேன். அண்ணி கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் இருந்த தோடு வெயிலில் மின்னியது, அவ்வளவு தூரத்துக்கும் தெரிந்தது. முதுகைக் காட்டுவது எனக்குப் பழக்கப்பட்ட தொழில். அன்றைக்கு வரவில்லை. கோணியைத் திரும்ப மூடினேன். துடுப்பு கை நழுவித் தண்ணீரில் விழுந்தது, அதைப் பிடிக்கப் போய் நானும் பாதி விழுந்தேன். கரையில் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் கைதட்டினார்கள்.

வலை கரைக்கு வந்தது. இழுக்கும்போதே கனத்தில் தெரிந்துவிட்டது. உள்ளங்கை ஜிலேபி ஒரு குவியல், கெளுத்தி கொஞ்சம், ஒரு ஹெல்மெட் கண்ணாடி, பிள்ளையார் கரைத்த மரச்சட்டம், பால் கவர். அண்ணி மண்டி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் விட்டுக் கிளறினாள். ஜிலேபி முள் கையில் குத்தியது, ரத்தம் வந்தது, நிறுத்தவில்லை. வலையைத் திருப்பிப் போட்டு மடிப்பு மடிப்பாகப் பார்த்தாள்.

“கட்லா எங்க?” என்றாள் யாரையும் பார்க்காமல்.

மச்சான் என்னைப் பார்த்தான். நான் பரிசலுக்குப் போய் டப்பைத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்து, கோணியை எடுத்தேன்.

“இங்க இருக்கு அண்ணி. ஹொசக்கோட்டைலேருந்து வருது.”

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. டப்பைப் பார்த்தாள், ஸ்கூட்டரைப் பார்த்தாள், ஒவ்வொருத்தராக எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

“போன வாரத்துது?”

“அதுவும்.”

“மொத மொதல்ல கொண்டாந்தியே, என் பொடவைய நனைச்சுதே, அது?”

“எல்லாமே அண்ணி. நாங்க திருடறோம்னு நீங்க நெனச்சுக்கிட்டீங்கன்னு...”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அறை விழும் என்று நினைத்துக் கன்னத்தைக் கொஞ்சம் வசதியாகவே காட்டினேன்.

“திருடறீங்கன்னு யாரு நெனச்சா?” என்றாள். குரல் எழும்பவே இல்லை. “அவரு ஆஸ்பத்திரில சொன்னாரு. நான் உட்ட குஞ்சு வளருது, நீ பயப்படாதன்னு. அதத்தான் தேடினேன். அது வளந்து வந்திடுச்சுன்னு நெனச்சேன். ஒவ்வொரு வாரமும் தலைய மட்டும் தனியா கொழம்பு வெச்சு அவரு படத்துக்கு முன்னாடி வெச்சேன் தம்பி. பாரு, நீ உட்டதுன்னு சொன்னேன். யாரோ உட்ட மீன அவருக்குக் காட்டினேன்.”

நான் டப்பின் மேல் கோணியைத் திரும்ப இழுத்து மூடினேன். மச்சான் ஏரியில் இறங்கி முகத்தைக் கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். யஜமான்ரு துண்டால் வாயை மூடிக்கொண்டார். அவள் பேசினில் எதைத் தேடினாள் என்று ஒருத்தனுக்காவது தோன்றியிருக்க வேண்டும். மூன்று பேருக்கும் எங்கள் மானம்தான் தோன்றியது. அதைக் காப்பாற்ற அவளுக்கு ஹொசக்கோட்டை மீனை வாங்கிப் போட்டோம்.

கொஞ்ச நேரம் கழித்து, “அவரு உட்டது இன்னா ஆச்சு?” என்று கேட்டாள்.

நுரையைச் சொன்னேன். கோணிப்பையைச் சொன்னேன். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். 

“எல்லாமேவா? ஒண்ணு ரெண்டு ஆழத்துல இருக்காதா?”

இருக்கலாம் அண்ணி என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏரி விஷயத்தில் யார்தான் அடித்துச் சொல்ல முடியும்? ஆனால் அந்த ஒன்று இரண்டுக்காக அவள் தோட்டைக் கழற்றுவாள்.

“இல்ல அண்ணி. தப்பிச்சது ஏதாவது இருந்தாலும் கெளுத்தி விட்டிருக்காது. இனிமே குஞ்சு விட்டாலும் நிக்காது. ஒரு கோடை முழுக்க ஏரி காஞ்சு, கெளுத்தியும் ஜிலேபியும் அத்துப்போனாத்தான் வேற மீன் வளரும். அபார்ட்மென்டு தண்ணி வந்துகிட்டே இருக்கு, காயாது.”

அவள் எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குஞ்சை எந்த இடத்தில் விட்டார் என்று கேட்டாள். மதகு பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கல்படி இரண்டு தண்ணீருக்குள் இறங்கும். இங்கேதான் நிற்பார், இடுப்பு வரைக்கும் என்று காட்டினேன். ஒரு கை பையில், ஒரு கை ஏரியில் என்றேன். அவள் அந்தப் படியில் இறங்கி நின்றாள். புடவை நனைந்தது. குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு அப்படியே வைத்திருந்தாள்.

சற்றுத் தள்ளி ஏதோ மேலே வந்து வாயைத் திறந்துவிட்டு உள்ளே போனது. வட்டம் விரிந்து அவள் கை வரைக்கும் வந்தது.

“அது?” என்றாள்.

“ஜிலேபி, அண்ணி.”

வட்டம் அடங்குகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு கையை எடுத்து முகர்ந்தாள். சாக்கடை வாடை அடித்திருக்க வேண்டும், முகம் சுளித்தது.

“எனக்கு இந்த ஏரி வேணாம் தம்பி. ஹோசூர்ல எங்கண்ணனுக்கு போன் போடு, வரேன்னு சொல்லணும். பரிசல யஜமான்ரு வெச்சுக்கட்டும்.”

படியேறுவதற்கு நான் கை கொடுத்தேன். பிடிக்கவில்லை. மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளே ஏறினாள். மேலே வந்ததும் போனுக்காகக் கையை நீட்டினாள். என் சட்டைப் பையில் இருந்த போன், நான் பாதி விழுந்தபோதே நனைந்து செத்திருந்தது. அதைச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“உன் மச்சான் போனக் கேளு,” என்றாள்.

கேட்டு வாங்கி வந்தேன். அவள் சொல்லச் சொல்ல அவள் அண்ணன் எண்ணை நானே போட்டுக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவள் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள்.